முதல் பேட்ச் சேர்த்ததை இரண்டாவது பேட்ச் எப்படி வாங்கும்?

சேல்ஸ்ஃபோர்ஸ் ஏபெக்ஸ்ல ஒரு பேட்ச் ஜாப் முடிஞ்சதும் அடுத்ததை ஓட்டணுமா? முதல் கிளாஸோட ஃபினிஷ் மெத்தடுக்குள்ள டேட்டாபேஸ்.எக்ஸிக்யூட்பேட்ச் எழுதினா போதும். அது சுலபம். ஆனா முதல் ஜாப் சேர்த்து வச்ச ஐடிகளை இரண்டாவதுக்கு எப்படிக் கொடுக்கிறது? என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இங்கதான் ரெண்டு நாள் நின்னுச்சு.

ஸ்டாட்டிக் வேரியபிள்ல போட்டேன். ஃபினிஷ்ல பார்த்தா காலி. எக்ஸிக்யூட் ஓடுற ஒவ்வொரு தடவையும் (நாம அளவு சொல்லலைன்னா 200 ரெக்கார்டு) தனி டிரான்ஸாக்‌ஷன். அது முடிஞ்சா ஸ்டாட்டிக்கும் போச்சு. சாதா இன்ஸ்டன்ஸ் வேரியபிளும் ஆரம்ப மதிப்புக்கே திரும்பிடும். எரரும் வராது. இரண்டாவது ஜாப் 'கம்ப்ளீட்டட்'னு காட்டுச்சு, ஒரு ரெக்கார்டுகூட மாறல. செம கடுப்பு!

முதல் கிளாஸ்ல டேட்டாபேஸ்.ஸ்டேட்ஃபுல்லையும் சேர்த்து இம்ப்ளிமென்ட் பண்ணுங்க. அப்போ இன்ஸ்டன்ஸ் வேரியபிள் மதிப்பு கடைசிவரை நிக்கும்; ஸ்டாட்டிக்குக்கு இது உதவாது. பிறகு ஃபினிஷ்ல இரண்டாவது கிளாஸின் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது, ஐடி செட்டை கன்ஸ்ட்ரக்டர் வழியா கொடுங்க. அது தன் ஸ்டார்ட் மெத்தட்ல அந்த ஐடிகளை வச்சே குவெரி போடும்.

முழு ரெக்கார்டையே தூக்கிக் கொடுக்கலாமேன்னு தோணும். வேண்டாம். ஹீப் நிறைஞ்சிடும், இடையில யாராவது ரெக்கார்டை மாத்தியிருந்தா உங்க கையில இருக்கிறது பழசு.