எந்த ஊர் நீங்கள்?

கேள்வி: பிரிட்டனில் பிறந்த கரீபிய வம்சாவளிப் பிள்ளைகளிடமும் 'உன் ஊர் எது?' என்று கேட்கிறார்களாமே, நம் பக்கம் அப்படி உண்டா?
– வாசகி, ஆனையூர்

பதில்: உங்கள் ஆனையூரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறதே! 1948 ஜூனில் விண்ட்ரஷ் கப்பல் கரீபியர்களை டில்பரியில் இறக்கியது. அதே ஆண்டுதான் இலங்கை, மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அங்கே 'கள்ளத்தோணி' என்று வசவு. 'தோட்டக்காட்டான்' என்று ஏசியதில் தமிழ் வாய்களும் உண்டு. நிறம் ஒன்று, மொழி ஒன்று, அப்படியிருந்தும்! 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்தால், 'சிலோன்காரன்'.

1983 கலவரத்துக்குப் பின் படகேறிய மலையகத்தாரில் பலர் இன்னும் முகாமில்தான். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்களில் 65 பேரைக் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பலகை மாறியது. பெயின்ட் வேலைக்குப் போகிறவர், முகாம் கணக்கெடுப்பு நாளில் கையில் சுண்ணாம்போடு ஓடிவந்து வரிசையில் நிற்பது மாறவில்லை.