கணக்கேடும் கணக்காளரும்

ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வரும் சாலை, கேமரன் மலையைத் தொடும் இடத்தில் அமைந்துள்ளது கம்போங் ராஜா. ஒரு பக்கம் புளூ வேலித் தேயிலைத் தோட்டம். மறுபக்கம் சரிவு முழுவதும் நெகிழிக் கூரைகளின் கீழ் தக்காளியும் மிளகாயும் கீரையும். மாலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில் கோஸ் மூட்டைகள் ஏற்றிய லாரிகள் இங்கிருந்து சமவெளிச் சந்தைகளுக்குப் புறப்படுகின்றன. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பது ஒரு நூற்றாண்டில் மெல்ல மெல்ல மாறியிருக்கிறது.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இம்மலையின் காட்டை அழித்துத் தேயிலை நட்டனர். அவர்களது உழைப்பு நாள்தோறும் கணக்கில் ஏறியது. ஆனால், எழுதியவர்கள் அவர்கள் அல்லர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், கொழுந்தை நிறுப்பார்கள், எடையைக் கிராணி ஏட்டில் குறிப்பார். மாத முடிவில் அந்த ஏடு சொன்னதுதான் சம்பளம். எழுத்தறியாத தொழிலாளி, அந்த ஏட்டில் தம் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாது. மனத்தில் வைத்திருந்த கூட்டுத்தொகைக்கும் கையில் வந்த பணத்திற்கும் வேறுபாடு இருந்தால், நம்புவதைத் தவிர வேறு வழி குறைவு.

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று கடை வைத்திருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிடுகிறார்கள், சுற்றுப்பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். ஏடு இப்போது அவர்கள் கையில். அத்துடன் வரிக்கணக்குக் காட்டும் கடமையும் அவர்கள் தலையில் வந்து சேர்ந்துள்ளது.

மலேசியாவில் வருமான வரி, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி விதிக்கப்படுகிறது. முன்பு வருமான விவரத்தைக் கொடுத்தால் வரி எவ்வளவு என்று அதிகாரியே கணக்கிட்டு அறிவிப்பார். தனிநபர்களுக்கு 2004ஆம் ஆண்டு முதல் சுயமதிப்பீட்டு முறை நடப்புக்கு வந்தது. வரி செலுத்துபவரே தம் வருமானத்தைக் கணக்கிட்டு, வரியையும் கணக்கிட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். பற்றுச்சீட்டுகளைப் படிவத்துடன் இணைத்து அனுப்ப வேண்டியதில்லை. இதனால், சீட்டுகளே தேவையில்லை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. உள்நாட்டு வருமான வரி வாரியம் பின்னொரு நாளில் வந்து கேட்கும்போது, படிவத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரம் காட்ட வேண்டியவர் அந்தத் தொழில் செய்பவரே. போதிய பதிவுகளை வைத்திருக்கத் தவறினால் ரி.ம. 300 முதல் ரி.ம. 10,000 வரை அபராதமோ, ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உள்ளது.

சொந்தத் தொழில் செய்யும் தனிநபர் நிரப்புவது ‘பி’ படிவம். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை அடுத்த ஆண்டு ஜூன் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். இணையம் வழி சமர்ப்பிப்போருக்கு வாரியம் வழக்கமாக மேலும் 15 நாள் அவகாசம் தருகிறது. இக்கணக்கைச் சரியாக முடிக்கப் பலர் கணக்காளரை நாடுகின்றனர். கணக்காளர்களை முறைப்படுத்தும் மலேசியக் கணக்காளர் கழகமும் அதே 1967ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டதே. பிறர் சார்பில் வரி விவகாரங்களைக் கையாளும் வரி முகவருக்கு நிதி அமைச்சின் அங்கீகாரம் தேவை. ஆகவே, கணக்கை ஒப்படைக்கும் முன் அவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கணக்காளர் திறமையானவராக இருக்கலாம். ஆயினும், அவர் தோட்டத்தில் நின்றவர் அல்லர். மூட்டை ஏறியதைப் பார்த்தவர் அல்லர். அவருக்குத் தெரிவதெல்லாம் தாளில் உள்ளது மட்டுமே.

காய்கறி பயிரிடும் ஒருவர் 1,000 கிலோ கோஸை மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ ரி.ம. 2 என விலை போகிறது. மொத்தம் ரி.ம. 2,000. இதில் லாரி வாடகை ரி.ம. 200, தரகு ரி.ம. 160 ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதி ரி.ம. 1,640ஐ வியாபாரி வங்கியில் போடுகிறார். பயிரிட்டவர் தம் ஏட்டில் ‘கோஸ், 1,640’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். இலாபத்தைப் பொறுத்தவரை இதில் பிழையில்லை. ஆனால், விற்பனை 1,640 அன்று, 2,000. ஆண்டு முழுவதும் இதே விகிதத்தில் நடந்தால், ரி.ம. 160,000 விற்பனை செய்தவரின் வங்கியில் ரி.ம. 131,200 மட்டுமே சேர்ந்திருக்கும். பொருள் விற்பவரின் ஆண்டு மொத்த விற்பனை ரி.ம. 150,000ஐத் தாண்டினால், வரிசை எண்ணுடன் அச்சிட்ட பற்றுச்சீட்டை அவர் வழங்க வேண்டும் என்பது சட்டம். வங்கிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் அந்த எல்லைக்குள் இருப்பதுபோல் தோன்றும். வியாபாரியின் ஏட்டிலோ 160,000 என்று இருக்கும். இரு ஏடுகளையும் அதிகாரி ஒருநாள் பக்கத்தில் பக்கமாக வைத்தால், அந்த 28,800 எங்கே போனது என்ற கேள்வி எழும். வியாபாரி கொடுத்த விற்பனைச் சீட்டுகள் கணக்காளரிடம் போயிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்தச் சிறு சீட்டில்தான் எடை, விலை, கழிவு மூன்றும் இருக்கின்றன.

வங்கிக் கணக்கறிக்கையும் தானாகப் பேசாது. மார்ச் மாதம் ரி.ம. 5,000 வரவு என்று ஒரு வரி இருக்கும். அது தக்காளி விற்ற பணமா, மழையில் கூரை கிழிந்தபோது தம்பியிடம் வாங்கிய கைமாற்றா என்பது வங்கிக்குத் தெரியாது. குறிப்பு இல்லையென்றால் கணக்காளர் அதை விற்பனை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். கடனுக்கு வரி கட்ட நேரும். அந்த வரியின் அருகில் ‘தம்பி கடன்’ என்று பென்சிலால் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால், அதை மார்ச் மாதத்திலேயே எழுத வேண்டும். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் நினைவுபடுத்திக்கொள்ள முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள்.

லாரி வாங்கிய செலவு மற்றொரு சிக்கல். உரம், விதை, டீசல், கூலி, ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு போன்றவற்றை அந்தந்த ஆண்டின் வருமானத்திலேயே கழிக்கலாம். பல ஆண்டு உழைக்கும் லாரியை அப்படி ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. அதற்கு மூலதனப் படி என்னும் முறை உண்டு. முழுப்பணமும் கொடுத்து ரி.ம. 60,000க்கு வாங்கிய லாரிக்கு, முதல் ஆண்டில் தொடக்கப் படி 20 விழுக்காடும் ஆண்டுப் படி 20 விழுக்காடும் சேர்த்து ரி.ம. 24,000 கழிக்கலாம். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரி.ம. 12,000. நான்காம் ஆண்டில் 60,000 முழுமையாகத் தீரும். லாரி வாங்கிய சீட்டு முதல் ஆண்டிலேயே தொலைந்துவிட்டால் நான்கு ஆண்டுக் கழிவும் ஆதாரமின்றி நிற்கும்.

இதற்கிடையே வீட்டுச் செலவு வேறு கலந்துவிடுகிறது. கடைக் கல்லாவிலிருந்து எடுத்த பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கினால் அது தொழிற்செலவு ஆகாது. கல்லாவும் வீட்டுப் பணப்பையும் ஒன்றாகவே இருக்கும் சிறு தொழில்களில் இக்கலப்பைப் பிரிப்பதற்கே கணக்காளருக்குப் பாதி நேரம் போகிறது. அந்த நேரத்திற்கும் அவர் கட்டணம் வாங்குவார்! தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டால் இத்தொல்லையில் பெரும்பகுதி குறையும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரர்களுள் மூத்தவர்கள் சிலர் வரவு செலவைத் தமிழில் எழுதுவதையே எளிதாகக் கருதுகின்றனர். மலாயாவுக்கு வந்த நகரத்தார் தங்கள் வட்டிக்கடைக் கணக்குகளைத் தமிழிலேயே பேரேடுகளில் எழுதினர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்கள் இன்றும் கணக்கியலில் வழங்குகின்றன. எனினும், வரிக்காக வைத்திருக்கும் பதிவுகள் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. தமிழில் எழுதும் பழக்கத்தை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவின் அருகிலும் ‘பாஜா’, ‘காஜி’, ‘செவா லோரி’ என்று மலாய்ச் சொல்லையும் எழுதி வந்தால் போதும். உரம், சம்பளம், லாரி வாடகை என்பதை எவரும் புரிந்துகொள்வர். பெட்டி பெட்டியாக ஏடுகள் சேர்ந்தபின் மொழிபெயர்ப்பதைவிட இது மலிவு.

மலையின் ஈரமும் ஒரு பகைதான். எண்ணெய் நிலையத்தில் கிடைக்கும் பளபளப்பான சீட்டு, வெப்பத்தால் அச்சாவது. சில மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். ஈரச் சுவரோரம் வைத்த அட்டைப்பெட்டியில் மற்றச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சீட்டு கிடைத்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாதவாரியாகச் சேமிப்பது நல்லது. மூலச் சீட்டையும் எறிந்துவிடக் கூடாது.

அப்படி எடுத்த படங்களை இருநூறு முந்நூறாக ஒரே இரவில் கணக்காளரின் கைப்பேசிக்கு அனுப்புவோரும் உண்டு. இது ஒப்படைப்பு அன்று; குப்பையை இடம் மாற்றுவது. பன்னிரண்டு உறைகள் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் மாதத்தை எழுதி, விற்பனைச் சீட்டு, செலவுச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றைப் பிரித்து வைத்தால் கணக்காளருக்கு எது எங்கே என்று தேட வேண்டியதில்லை. என்னென்ன கொடுக்கப்பட்டன என்ற பட்டியலை இரு படிகள் எடுத்து, பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தைத் தம் படியில் வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கறிக்கையைக் கொடுத்தால் போதும். வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. மேலும், ஜூன் கடைசி வாரத்தில் எல்லாரும் கணக்காளரின் கதவைத் தட்டுவார்கள். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போகிறவரின் கணக்குக்குத்தான் அவரால் நிதானமாக நேரம் ஒதுக்க முடியும். விடுபட்ட சீட்டைத் தேடவும் அப்போது காலம் இருக்கும்.

கணக்காளர் எல்லாவற்றையும் முடித்து வரைவுப் படிவத்தைக் காட்டும்போது, பலர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்து, ‘எவ்வளவு கட்டணும்?’ என்று கேட்டுவிட்டுத் தலையசைத்துவிடுகின்றனர். படிவத்தை நிரப்பியவர் கணக்காளராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தொழில் செய்பவரின் அறிவிப்பே. தவறு இருந்தால் கூடுதல் வரியும் தண்டமும் அவர் பெயருக்கே வரும். ஆகவே, மொத்த விற்பனை தம் ஏட்டோடு ஒத்துப்போகிறதா, கூலி பன்னிரண்டு மாதத்திற்கும் உள்ளதா, லாரியின் படி சேர்ந்துள்ளதா, கைமாற்றுக் கடன் விற்பனையில் நுழைந்துவிட்டதா என்று அவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். புரியாத எண் இருந்தால், அதற்கு விளக்கம் சொல்வது கணக்காளரின் வேலை.

படிவம் அனுப்பப்பட்டதும் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். கணக்காளரிடம் கொடுத்த உறைகளையும் பட்டியலைப் பார்த்துத் திரும்பப் பெற வேண்டும். படிவம் சமர்ப்பித்த ஆண்டு முடிந்ததிலிருந்து 7 ஆண்டுகளுக்கு இவை அனைத்தும் பாதுகாப்பில் இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுக் கணக்கை 2025இல் சமர்ப்பித்தவர், அந்தப் பன்னிரண்டு உறைகளையும் ஒப்புகைச் சீட்டையும் ஈரம் படாத பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் ‘31 டிசம்பர் 2032 வரை’ என்று எழுதி வைக்கலாம்.