512 எம்பி போர்டில் கம்பைல் செய்ய வேண்டாம்

கேள்வி: பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கிறோம். விசைத்தறியில் பாவு நூல் அறுந்தால் யுஎஸ்பி வெப்கேமரா மூலம் கண்டுபிடித்து பஸ்ஸர் அடிக்கும் கருவிதான் எங்கள் புராஜெக்ட். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ வாங்கி, 64 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் (புக்வொர்ம்) போட்டிருக்கிறோம். ஓபன்சிவியை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தால் இரவு முழுக்க ஓடிவிட்டு, விடிந்து பார்த்தால் 'கில்டு' என்று நிற்கிறது. சரியென்று உபுண்டு 24.04 லேப்டாப்பில் கிராஸ் கம்பைலர் போட்டு, சோதனைக்கு ஒரு சின்ன சி++ புரோகிராமைக் கம்பைல் செய்து அனுப்பினோம். போர்டில் 'ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை' என்று வருகிறது. தனி மானிட்டர் எங்களிடம் இல்லை. 8 ஜிபி ராம் உள்ள பை 5 வாங்கினால்தான் வேலை நடக்குமா?

— மாணவர் குழு, குமாரபாளையம்

பதில்: பை 5 தேவையில்லை. கையில் இருக்கும் போர்டே உங்கள் வேலைக்குப் போதும். நீங்கள் சொல்வது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டையும் இதே போர்டை வைத்துத் தீர்க்கலாம்.

'கில்டு' விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜீரோ 2 டபிள்யூவில் நான்கு கோர் இருந்தாலும் ராம் 512 எம்பிதான். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் நான்கு கோரையும் பயன்படுத்தச் சொல்லி 'மேக்' கட்டளையோடு ஜே4 சேர்க்கச் சொல்லும். அப்படிச் செய்தால் நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஓபன்சிவியின் சில ஃபைல்களைக் கம்பைல் செய்ய ஒவ்வொன்றுக்கும் பல நூறு எம்பி வேண்டும். ராம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னலே அதிகம் விழுங்கும் புரோசஸைக் கொன்றுவிடும். 'டிமெசெக்' கட்டளை கொடுத்துப் பாருங்கள்; 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரிக்குப் பக்கத்தில் சி++ கம்பைலரின் பெயர் இருக்கும். ஸ்வாப்பைக் கூட்டி ஒரு வழியாக முடிக்கலாம்தான். ஆனால் ஸ்வாப் ஓடுவது எஸ்டி கார்டில் என்பதால் வேகம் படுத்துவிடும், கார்டும் தேயும்.

இவ்வளவு பாடு எதற்கு? புக்வொர்மிலேயே ஓபன்சிவி 4.6 கம்பைல் செய்த பேக்கேஜாக இருக்கிறது. 'ஆப்ட்' மூலம் 'லிப்ஓபன்சிவி-டெவ்' போட்டால் முடிந்தது. நூல் அறுந்ததைக் காண ஓரம் கண்டறிதலும் கோடு கண்டறிதலும் போதும். இவை ஓபன்சிவியில் ஆரம்ப காலத்திலிருந்தே இருப்பவை. இதற்காகப் புத்தம் புது பதிப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது கோளாறைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சி, சி++ புரோகிராம் பொதுவாகத் தனியாக ஓடுவதில்லை; ஓடும்போது அந்த மெஷினில் உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியைத் துணைக்குக் கூப்பிடுகிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பது கம்பைல் ஆகும்போதே பைனரிக்குள் பதிந்துவிடும். உங்கள் உபுண்டு 24.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.39, புக்வொர்மில் 2.36. எழுத்தாக வந்த எண்ணை எண்ணாக மாற்றும் சாதாரண ஃபங்ஷன்களுக்கு 2.38-இல் புதிய வடிவம் வந்தது. உங்கள் புரோகிராமில் அப்படி ஒரு வரி இருந்திருக்கும். லேப்டாப் கம்பைலர் புதிய வடிவத்தைக் கோர்த்துவிட்டது. போர்டில் அது இல்லை. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், ஆனால் புதியதில் கம்பைல் செய்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் கிராஸ் கம்பைலர் சரியான ஆர்ம் பைனரியைக் கொடுத்தும் போர்டு அதை ஏற்கவில்லை. போர்டின் ஜிலிப்சியைக் கையால் மாற்றப் போகாதீர்கள். மொத்த சிஸ்டமும் அதன் மேல்தான் நிற்கிறது; போர்டு பூட் ஆகாமலே போய்விடலாம்.

ஆக, கம்பைல் லேப்டாப்பில் நடக்கட்டும், லைப்ரரிகள் மட்டும் போர்டின் பதிப்பாக இருக்கட்டும். இதற்கு நான் சொல்லும் வழி டாக்கர். உபுண்டுவில் டாக்கரும் க்யூஎம்யூவின் யூசர்-மோட் பேக்கேஜும் போடுங்கள். பிறகு டெபியன் புக்வொர்ம் இமேஜை ஆர்ம்64 பிளாட்ஃபார்மாகத் தொடங்குங்கள். 64 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் டெபியனின் ஆர்ம்64 பேக்கேஜ்களையே அடிப்படையாகக் கொண்டது என்பதால் ஜிலிப்சியும் ஓபன்சிவியும் போர்டில் உள்ள பதிப்பாகவே கிடைக்கும். கன்டெய்னருக்குள் ஜி++, சிமேக், லிப்ஓபன்சிவி-டெவ் மூன்றையும் போட்டு, உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரை அதற்குள் மவுன்ட் செய்தால் போதும்.

இன்டெல் லேப்டாப்பில் ஆர்ம் கட்டளைகளை க்யூஎம்யூ மொழிபெயர்த்து ஓட்டுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். உங்கள் அளவு புரோகிராமுக்கு அது பெரிதாகத் தெரியாது. அசல் கிராஸ் கம்பைலரும் சிஸ்ரூட்டும் வேகமானவைதான். ஆனால் போர்டின் லைப்ரரி ஃபோல்டர்களை நகலெடுத்து, அதிலுள்ள சிம்லிங்குகளைச் சரிசெய்து சிமேக்குக்குப் புரியவைப்பதற்குள் புராஜெக்ட் தேதி வந்துவிடும். புரோகிராம் பெரிதான பிறகு அதற்குப் போகலாம். 32 பிட் ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன வழி அப்படியே பொருந்தாது. ராஸ்பெரி பையின் 32 பிட் பதிப்பு பழைய ஆர்ம்வி6 சிப்பிலும் ஓடும்படி கட்டப்பட்டது. டெபியனின் 32 பிட் பதிப்பு ஆர்ம்வி7 கேட்கும்.

கம்பைல் ஆன பைனரியை 'ஆர்சின்க்' மூலம் போர்டுக்கு அனுப்பி, எஸ்எஸ்எச் வழியாக ஓட்டுங்கள். கம்பைல், அனுப்புதல், ஓட்டுதல் மூன்றையும் ஒரே ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் ஒரே கட்டளையில் முடியும். எஸ்எஸ்எச் கீயும் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம். பிழை தேட, போர்டில் ஜிடிபி-சர்வரும் லேப்டாப்பில் ஜிடிபி-மல்டிஆர்ச்சும் போதும். விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் வசதி இந்தப் போர்டுக்கு வேண்டாம். அது தன் சர்வரைப் போர்டிலேயே ஓட்டும். அதற்குக் குறைந்தது 1 ஜிபி ராம் கேட்கிறது. சோர்ஸ் கோடு லேப்டாப்பிலும் கிட்டிலுமே இருக்கட்டும். கார்டு கெட்டால் புதிய கார்டில் ஓஎஸ் எழுதி, பேக்கேஜ் பட்டியலைப் போட்டு, ஸ்கிரிப்டை ஓட்டினால் அன்றைக்கே வேலையைத் தொடரலாம்.

மானிட்டர் இல்லாதது குறையே இல்லை. ராஸ்பெரி பை இமேஜரில் கார்டு எழுதும்போதே ஹோஸ்ட்நேம், யூசர், பாஸ்வேர்டு, வைஃபை, எஸ்எஸ்எச் எல்லாம் கொடுத்துவிடலாம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு 'பை' என்ற இயல்பான யூசர் கிடையாது. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். இன்னொன்று, ஜீரோ 2 டபிள்யூவின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்திருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் போர்டு ஹாட்ஸ்பாட்டைப் பார்க்கவே பார்க்காது. நீங்கள் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

நெட்வொர்க்கே வராவிட்டால் உள்ளே போக ஒரு யுஎஸ்பி-டிடிஎல் சீரியல் ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் போர்டில் பின் சால்டர் செய்யப்படாமல் வந்திருந்தால் முதலில் ஹெடர் வைக்க வேண்டும். 6ஆம் பின் கிரவுண்ட்; 8ஆம் பின் போர்டு அனுப்புவது, ஒயரின் ஆர்எக்ஸில் போக வேண்டும்; 10ஆம் பின் போர்டு வாங்குவது, ஒயரின் டிஎக்ஸில் போக வேண்டும். சிவப்பு ஒயரை எதிலும் மாட்டாதீர்கள். வாங்கும்போது 3.3 வோல்ட் லாஜிக் என்று கேட்டு வாங்குங்கள். பையின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது, சிப்பே போய்விடும். கன்ஃபிக் ஃபைலில் 'எனேபிள் யுவார்ட்' வரியை 1 ஆக்கி, கெர்னல் கட்டளை வரியில் சீரியல் கன்சோல் இருப்பதையும் பார்த்துக்கொண்டு, லேப்டாப்பில் வேகத்தை 115200 என்று வைத்தால் போர்டு பூட் ஆகும்போதே வரி வரியாகப் பார்க்கலாம்.

கேமராவில் நியூரல் நெட்வொர்க் மாடல் ஓட்ட முடிவெடுத்தால், அப்போது பெரிய போர்டைப் பற்றி யோசியுங்கள். இப்போதைக்குப் பை 5க்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டரும், மேலே சொன்ன சீரியல் ஒயரும், ஓஎஸ் எழுதித் தயாராக வைக்க இன்னொரு எஸ்டி கார்டும் வாங்குங்கள். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி நிறைய பறக்கும். போர்டுக்கு மூடிய பெட்டியும், கேமரா லென்ஸை அடிக்கடி துடைக்க வசதியான ஒரு ஸ்டாண்டும் சேர்த்தே செய்துவிடுங்கள்.