சுவர் கெடாமல் படம் மாட்டும் முறை

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்பு கடையைத் துடைத்து வெள்ளையடிப்பது நம் வழக்கம். படங்களையெல்லாம் இறக்கி வைத்த பிறகுதான் சுவரில் எத்தனை ஓட்டை என்று கண்ணுக்குத் தெரியும். சாமி படம், மெக்கா மதீனா படம், ஏசுநாதர் படம், கடையை ஆரம்பித்த பெரியவரின் படம், கடிகாரம், காலண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழையும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. ஆக, படம் மாட்டாத கடையே இல்லை.

காதர்பேட்டையில் பெரும்பாலானவை வாடகைக் கடைகள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆவது பிரிவில், வாடகைதாரர் தாம் பெற்ற நிலையிலேயே இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. தாம் பொருத்தியவற்றைக் காலி செய்யும் முன் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இடம் பழையபடி இருக்க வேண்டும். பெயர்ந்த சுவருக்காக அட்வான்ஸில் பிடித்தம் செய்வதும் அதனால் மனக்கசப்பு வருவதும் வணிகர்கள் அறிந்ததே. ஆகவே இந்தச் சிறு வேலையையும் முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது.

1. முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

விரல் முட்டியால் தட்டினால் சுவர் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கெட்டியான ஓசை வந்தால் செங்கல் அல்லது கான்கிரீட். பொள்ளென்ற ஓசை வந்தால் ஹாலோ பிளாக், பலகைத் தடுப்பு, அல்லது செங்கலை விட்டுப் பிரிந்து நிற்கும் பூச்சு. பிரிந்த பூச்சில் ஆணி அடித்தால் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

செங்கல் சுவரின் மேல்பூச்சு சுமார் அரை அங்குலம்தான். பூச்சோடு நின்றுவிடும் ஆணிக்குப் பிடிப்பு இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் ஒரு அங்குலமாவது போனால்தான் எடை தாங்கும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஆணியோ டிரில்லோ போடவே கூடாது. மறைவாக வரும் கரண்ட் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2. எடையை அறியுங்கள்

கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ எடை வரும். 2 அடிக்கு 3 அடி படத்தில் 3 மி.மீ. கண்ணாடி மட்டும் 4 கிலோவுக்கு மேல். மரச்சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் 6 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இது வாடிக்கையாளர் தலைக்கு மேலே தொங்கும் எடை.

3. கம்பியை விறைப்பாகக் கட்டாதீர்கள்

படம் சுவரோடு ஒட்டி நிற்கட்டும் என்று பின்கம்பியை இழுத்துக் கட்டுகிறோம். அது தவறு. மேலே சொன்ன 6 கிலோ படத்தில் இரு வளையங்களுக்கு நடுவே 24 அங்குலம் இடைவெளி என்று கொள்வோம். ஆணியில் மாட்டும்போது கம்பி நடுவில் 7 அங்குலம் எழும்பினால் ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் 6 கிலோ இழுவை. 2 அங்குலமே எழும்பினால் 18 கிலோ. ஆணி அப்படியே இருக்கும். சட்டத்தின் வளையம் பிடுங்கிக்கொண்டு படம் விழும். வளையங்களை மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வைத்தால் கம்பி தளர்வாகவும் இருக்கும், வெளியிலும் தெரியாது. பெரிய படத்துக்கு இரண்டு கொக்கி போடுவது இன்னும் உத்தமம்; கோணவும் கோணாது.

4. ஆணியா, பிளக்கா, ஒட்டும் கொக்கியா?

காலண்டருக்கும் சிறு படத்துக்கும் மெல்லிய ஸ்டீல் ஆணி போதும். தலை சற்று மேலே நிற்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும்.

கனமான படத்துக்கு ராவல் பிளக்கும் ஸ்க்ரூவும்தான். இந்தப் பிளக் பிறந்த கதையே நமக்கு ஒரு பாடம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்கள் பொருத்த வேண்டியிருந்தபோது, ஜான் ராலிங்ஸ் என்பவர் 1910-11 வாக்கில் இதை உருவாக்கினார். இன்றைய நைலான் பிளக்கை ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்தார். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். துளை பிளக்கை விடச் சற்று ஆழமாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். ஹாலோ பிளாக்கிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள்.

ஒட்டும் கொக்கி டைல்ஸ், கண்ணாடி, இரும்பு ரேக், மைக்கா பலகை ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் பிடிக்காது. பெயின்டை உரித்துக்கொண்டு வரும். நம் கடைகளில் பஞ்சுத் தூசி எங்கும் படிந்திருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பின் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். கண்ணாடிப் படத்துக்கு இது வேண்டாம்.

5. பத்துப் படத்துக்கு ஒரே பட்டை

பழைய பங்களாக்களில் கூரைக்குச் சற்றுக் கீழே மரப்பட்டை ஓடும். அதிலிருந்து சங்கிலியிலோ கம்பியிலோ படங்களைத் தொங்கவிடுவார்கள். கடைக்கு ஏற்ற முறை இதுவே. 8 அடி மரப்பட்டையோ அலுமினியச் சேனலோ எடுத்து, ரசமட்டம் வைத்து, 2 அடிக்கு ஒரு பிளக் வீதம் ஐந்து இடத்தில் பொருத்துங்கள். எஸ் வடிவக் கொக்கி மாட்டினால் படமும் தொங்கும், புது மாடல் பனியனும் தொங்கும். சீசனுக்கு ஏற்ப இடம் மாற்றலாம். சுவருக்கு ஐந்து துளைக்கு மேல் இல்லை.

6. படத்தின் கீழே விளக்கு

2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் சுமார் 50 கடைகள் எரிந்துபோயின. பனியன் துணி எவ்வளவு விரைவில் பற்றும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே சரக்கு அடுக்காதீர்கள். எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றுவதானால் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றி, அணைந்ததைப் பார்த்த பிறகே ஷட்டரை இறக்குங்கள். சீரியல் பல்பு வயரைப் படத்தின் ஆணியில் சுற்றக் கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

7. காலி செய்யும்போது

ஆணியைக் குறடால் பிடுங்கும்போது சுவரில் ஒரு சிறு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் குறடை ஊன்றி இழுங்கள், பூச்சு உடையாது. துளையை ஈரப்படுத்தி, வால் புட்டியை இரண்டு தடவையாக அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே நிறப் பெயின்டைத் தொட்டுவிட வேண்டும். வெள்ளையடிக்கும்போதே கொஞ்சம் பெயின்டை மூடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடைக்குள் நுழையும் அன்றே நான்கு சுவரையும் படம் எடுத்து, பட்டை பொருத்துவதற்கான சம்மதத்தை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பிற்காலத்தில் அட்வான்ஸையும் காக்கும், கட்டட உரிமையாளரோடு உள்ள நல்லுறவையும் காக்கும்.