பிள்ளைக்குப் பல் வலித்தால்

"பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்" என்று சொல்லிப் பிள்ளையின் பல்வலியை நாம் தள்ளிப்போடுகிறோம். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை முந்திப் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, உள்ளே காத்திருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துவிடலாம்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடுகிறது. பலருக்கு அது வந்ததே தெரியாது. ஏழு வயதான என் தம்பி ஓர் இரவு கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதபோது உம்மம்மாவும் பால் பல் என்றுதான் சொன்னார். நான் டோர்ச் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன். நடுவிலிருந்து பின்நோக்கி எண்ணினால் ஐந்து வரை பால் பற்களின் இடம். ஆறாவது நிரந்தரப் பல். அவனுக்கு வலித்தது ஆறாவது. அது போனால் வேறு முளைக்காது.

பூச்சிப்பல் என்கிறோம்; உண்மையில் பூச்சி ஏதுமில்லை. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியைக் கரைக்கிறது. மிளிரியில் உயிர்க்கலங்கள் இல்லாததால் விழுந்த குழி தானாக மூடாது. குழி ஆழமாகி நரம்புள்ள பகுதியை நெருங்கும்போதே பிள்ளை அழுகிறது.

அன்றிரவு செய்தவை சின்ன விடயங்களே. இளஞ்சூடான உப்புநீரால் கொப்பளிக்க வைத்தோம் (துப்பத் தெரியாத பிள்ளைக்கு இது வேண்டாம்). பல் இடுக்கில் நூலை விட்டு எடுத்தபோது இறைச்சி நார் ஒன்று வந்தது. பாதி வலி அதோடு போயிற்று. துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தின் வெளியே வைத்து, தலையணையை உயர்த்திப் படுக்க வைத்தோம். பரசிற்றமோல் பாணியை வயதைவிட நிறையைப் பார்த்துக் கொடுப்பதே சரி: ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல், 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்குள். பாணியின் செறிவு போத்தலுக்குப் போத்தல் மாறும், லேபலை வாசிக்க வேண்டும். அஸ்பிரின் 16 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயொன்றை அது உண்டாக்கலாம். மாத்திரையை முரசில் வைப்பதும், கராம்பு எண்ணெயை ஊற்றுவதும் முரசைப் புண்ணாக்கும். சின்னப் பிள்ளை கராம்பு எண்ணெயை விழுங்கினால் ஆபத்து.

வலி நின்றாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமி அப்போதும் வேருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கன்னமோ கண்ணின் கீழ்ப்பகுதியோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தம்பியின் குழி நரம்பைத் தொட்டிருக்கவில்லை, அடைக்க முடிந்தது. உம்மம்மா மிஸ்வாக் செய்யப் பழக்குகிறார், நல்ல சுன்னத். ஆனாலும் பின்பற்களின் பள்ளங்களுக்கு புளோரைட்டுப் பற்பசையும் தூரிகையும் தேவை. படுக்கப்போகுமுன் அவன் துலக்கியதும் அந்த ஆறாவது பல்லை நான் மறுபடி துலக்கிவிடுகிறேன். பன்னிரண்டு வயதளவில் அதற்குப் பின்னால் ஏழாவது வரும்.