சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

குளிர் மிக்க நாடுகளில் வாழும் மகளிர் துணித்துண்டுகளை வீணே எறிந்துவிடுவதில்லை. அவற்றைச் சதுரமாகவும் அறுகோணமாகவும் கத்தரித்து, ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, அடியில் வேறொரு துணி கொடுத்துப் போர்வையாக்கிக்கொள்வர். ஒட்டுப்போர்வை என்று அதனை நாம் வழங்கலாம். ஒருத்தி தனித்திருந்து தைத்தால் பல திங்கள் செல்லும் அவ்வேலையை, ஊர்ப்பெண்டிர் பலர் கூடியமர்ந்து விரைவில் முடித்துவிடுவர். துன்புற்றோர்க்கு அவ்வாறு கூடித் தைத்துக் கொடுப்பது வட அமெரிக்காவில் நெடுநாளைய வழக்கம். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த ஆண்டுகளில் கனடா நாட்டு மகளிர் பல்லாயிரம் போர்வைகளைத் தைத்து, குண்டுவீச்சால் வீடிழந்த பிரித்தானிய மக்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக அனுப்பினர்.

அம்மகளிர்க்கு வீடு இருந்தது, விளக்கு இருந்தது, ஊசியும் நூலும் வேண்டிய அளவு கிடைத்தன. இவற்றுள் ஒன்றும் இல்லாத மகளிர் சிலர் அதே ஆண்டுகளில் பிறர்க்கெனப் போர்வை தைத்தனர். அவர்கள் தைத்த இடம் சிறைச்சாலை. அவர்கள் வரலாறே இப்பாடத்தில் கூறப்படுவது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியருமாகிய போர்வீரர் சிறைப்பட்டனர். படைக்கலம் ஏந்தாத குடிமக்களும் அந்நிலைக்கு விலக்காகவில்லை. ஆசிரியர், செவிலியர், வணிகர், தோட்டத் துரைமார், அவர்தம் மனைவியர், மக்கள் ஆகிய எல்லாரையும் ஜப்பானியர் திரட்டினர். ஆடவர் வேறு, பெண்டிர் வேறாகப் பிரிக்கப்பட்டனர். மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள், பெண்களும் சிறுவர்களுமாகச் சற்றேறக்குறைய 400 பேர், வெயிலில் பல மைல் நடந்து சாங்கிச் சிறையின் வாயிலை அடைந்தனர்.

அச்சிறை 1936ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 கைதிகள் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. அதனுள் இப்பொழுது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். ஓர் அறையின் நடுவில் ஒருவர் படுப்பதற்கென அமைத்த சிமிட்டி மேடை ஒன்று உண்டு; அதில் ஒருவரும் அதன் இருபுறத்துத் தரையில் மற்றவரும் படுத்தனர். உணவு குறைவு, வேலையோ பெரிதாக இல்லை. பசியினும் கொடியது ஒன்று அவர்களை வாட்டியது. மதிலுக்கு அப்பால் உள்ள ஆடவர் பகுதியில் தன் கணவன் இருக்கின்றானா என்பது மனைவிக்குத் தெரியாது. போர்வீரனாய்ப் பிடிபட்ட கணவனோ, தன் மனைவி கப்பலேறித் தப்பினாளா, கடலில் மாண்டாளா, சிறையில் உள்ளாளா என்பதை அறியாது கிடந்தான். ஒருவரோடொருவர் பேசுவதும் கடிதம் விடுப்பதும் தொடக்கத்தில் அறவே தடுக்கப்பட்டிருந்தன.

இந்நிலையில் முதலில் ஊசி எடுத்தவர் சிறுமியரே. எலிசபெத்து என்னிசு என்னும் செவிலியர் ஒருவர் அச்சிறையில் இருந்தார். நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே இராணுவ மருத்துவர் ஒருவரை மணந்தவர். மணந்த கையோடு கணவரைப் பிரிந்தவர். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுமியர் இருபதின்மரைச் சேர்த்து அவர் ஒரு சாரணியர் குழு அமைத்தார். சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரம் ஒரு முறை அவர்கள் கூடினர். தம்மீது அன்பு காட்டிய அவருக்குப் பிறந்தநாட் பரிசாக எதைக் கொடுப்பது என்று அச்சிறுமியர் எண்ணினர். கடை ஏது? காசு ஏது? கிடைத்த துண்டுத் துணிகளை அறுகோணமாக நறுக்கி, பழைய ஆடைகளின் தையலைப் பிரித்து நூலெடுத்து, அவர் அறியாதவாறு ஓர் ஒட்டுப்போர்வை தைக்கலாயினர். தத்தம் பெயரையும் அதில் எழுத்துத் தையலாக அமைத்தனர். மாணவியரே, உங்களினும் இளையவர் அவருட் சிலர்.

சிறுமியர் செய்த இவ்வேலை மூத்தோரின் கண்ணில் பட்டது. எத்தெல் மல்வானி என்னும் பெண்மணி அப்பொழுது சிறைமகளிரிடையே செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பாளராய் விளங்கினார். அவர் கனடா நாட்டினர். ஒட்டுப்போர்வை தைக்கும் வழக்கம் நிலைத்த மண்ணிற் பிறந்தவர். மகளிர் எல்லாரும் சேர்ந்து மருத்துவமனையிற் கிடக்கும் காயமுற்ற வீரர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று அவர் கூறினார். ஆறங்குலச் சதுரமான வெள்ளைத் துணி ஒன்று விரும்பியவர் கையில் கொடுக்கப்பட்டது. "உங்களைப் பற்றிய ஏதேனும் ஒன்றை இதில் தையுங்கள், உங்கள் பெயரையும் இடுங்கள்" என்பதே அவருக்கு இட்ட பணி. அறுபத்தாறு சதுரம் கொண்டது ஒரு போர்வை. அத்தகைய போர்வைகள் மூன்று உருவாயின. ஒன்று பிரித்தானிய வீரர்க்கு; ஒன்று ஆஸ்திரேலிய வீரர்க்கு; மூன்றாவது, காயமுற்ற ஜப்பானிய வீரர்க்கு.

பெயரை இடுங்கள் என்ற அச்சொல்லிலேதான் இச்செயலின் உயிர் இருக்கின்றது. மருத்துவமனையிற் கிடக்கும் வீரன் ஒருவன் போர்வையிற் காணும் பெயர்களைப் படிப்பான். அவன் தோழனிடம் சொல்ல, அத்தோழன் வேறொருவனிடம் சொல்ல, இன்னாள் உயிரோடு இருக்கின்றாள் என்னும் செய்தி அவள் கணவனின் செவியை ஒருநாள் எட்டும். கடிதத்தைத் தடுத்த காவலர் போர்வையைத் தடுக்கவில்லை.

அச்சதுரங்களிலே என்ன என்ன தைத்தனர் என்று காண்போம். சிலர் தம் ஊர்த் தோட்டத்து மலர்களைத் தைத்தனர். சிலர் தம்மைத் தாயகம் கொண்டு சேர்க்கும் கப்பலைத் தைத்தனர். ஒருவர் தாம் அடைபட்டிருந்த சிறையறையையே உள்ளவாறு தைத்து, 'இன்ப இல்லம், சாங்கிச் சிறை' என்னும் பொருள்பட எழுதினார். துன்பத்தை நகைத்து வெல்லும் உள்ளம் அவருடையது. மற்றொருத்தி நீல நாடா அணிந்த முயற்குட்டி ஒன்றைத் தைத்தாள். காவலர் அதனைக் குழந்தை விளையாட்டு என்றே எண்ணியிருப்பர். மேலைநாட்டில் ஆண்மகவுக்கு நீல நிறம் சூட்டுவது மரபு. 'நமக்கு மகன் பிறந்துள்ளான்' என்று கணவனுக்கு அவள் விடுத்த ஓலை அது!

பதினேழு வயதுடைய சீலா ஆலன் என்னும் நங்கை ஆஸ்திரேலிய நாட்டின் படத்தைத் தைத்தாள். அவள் தந்தை அந்நாட்டினர். அவளோ மலாயாவிலே பிறந்து வளர்ந்தவள். தந்தையும் அதே சிறையின் ஆடவர் பகுதியிலே அடைபட்டிருந்தார். ஆஸ்திரேலியப் போர்வை என்பதனால் அதனைத் தைத்தோர் யாவரும் அந்நாட்டு மகளிர் என்று கொள்ளுதல் வேண்டா. எந்நாட்டவர் தைத்த சதுரமும் எந்தப் போர்வையிலும் சேர்ந்தது.

இனி, மூன்றாம் போர்வையைப் பற்றி ஒரு சொல். தம்மைச் சிறையிட்ட பகைவரின் வீரர்க்கு இவர்கள் ஏன் தைத்தனர்? அதனை ஒரு தந்திரம் என்பர் வரலாறு எழுதியோர். தம் வீரர்க்கும் ஒன்று உண்டு என்று கண்டால், ஜப்பானிய அதிகாரிகள் ஏனை இரண்டையும் வெளியே அனுப்ப இசைவர் அன்றோ? இவ்விளக்கம் பொருந்துவதே. ஆயினும் அப்போர்வையில் மலர்கள் மிக்கிருக்கின்றன; வெறுப்பைக் காட்டும் தையல் ஒன்றும் இல்லை. அறுபத்தாறு சதுரங்களையும் ஏனையவற்றைப் போலவே கருத்தோடு செய்திருக்கின்றனர். தந்திரமாகத் தொடங்கியது தையலின்போதே வேறொன்றாக மாறியிருக்கக் கூடும் என்பது என் எண்ணம். காயம்பட்டவன் ஒருவனை நினைந்து நெடுநேரம் ஊசியும் கையுமாய் இருக்கும் ஒருத்திக்கு, அவன் எந்தக் கொடியின் கீழ்ப் போரிட்டான் என்பது இறுதிவரை நினைவில் நிற்குமோ?

போர்வைகள் சாங்கியில் இருந்த படைமருத்துவமனைக்குச் சென்றன. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்பைத் தைத்திருந்தனர். காயமுற்ற வீரரின் துயரில் பங்குகொண்டு இதனை அளிப்பதாகவும், போர் ஓய்ந்தபின் ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இதனைச் சேர்ப்பிக்க வேண்டுவதாகவும் அதில் கண்டிருந்தது. அத்தோடு அமையாமல், இப்போர்வையை நீரில் நனைத்துத் துவைக்காது உலர்சலவை செய்வதே நன்று என்றும் சேர்த்திருந்தனர். குளிப்பதற்கும் அரிதாய் நீர் பெற்ற சிறையிலிருந்து வந்த அறிவுரை இது! படிப்போர்க்குச் சிரிப்பு வரும். ஆனால் போர் ஒருநாள் ஓயும், ஊர்களில் சலவைக்கடைகள் மீண்டும் திறக்கும், அழுக்கான துணியைப் பற்றிக் கவலைப்பட மக்களுக்கு நேரம் கிடைக்கும் என்று உறுதியாக நம்பியவர் அன்றி வேறெவர் அதனை எழுதுவர்?

போர் ஓய மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1944ஆம் ஆண்டில் இக்குடிமக்கள் சாங்கியினின்று சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். பசியும் நோயும் பெருகின. எத்தெல் மல்வானி சிறையில் கொடுந்துன்பங்களுக்கு ஆளாகி உடலும் உள்ளமும் நைந்தார். பசித்த வேளைகளில் சிறைமகளிர் தாம் முன்பு சமைத்த உணவுகளின் செய்முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிப் பசியாறுவது வழக்கம். அவற்றை அவர் தொகுத்து வைத்திருந்தார். விடுதலை பெற்றுக் கனடா மீண்டபின் அத்தொகுப்பை நூலாக அச்சிட்டு விற்று, இங்கிலாந்து மருத்துவமனைகளில் இருந்த முன்னாட் கைதிகளுக்கு அப்பணத்தால் உதவினார். பசித்தவர் பேசிய பேச்சும் இங்ஙனம் பிறர்க்கு உணவாயிற்று.

ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியர்க்கெனத் தைத்த போர்வையும் ஓர் ஆஸ்திரேலியப் படையதிகாரியின் கையில் சேர்ந்து அந்நாடு சென்றன. அவை இன்று கான்பெரா நகரத்துப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரித்தானியப் போர்வை இலண்டனில் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் இருக்கின்றது. சிறுமியர் தைத்த போர்வையோ அதே நகரத்துப் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பழைய சாங்கிச் சிறை 2004ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதன் வாயிலும் மதிலின் ஒரு பகுதியும் எஞ்சி நிற்கின்றன.

சீலா ஆலனின் தந்தை விடுதலையைக் காணவில்லை. போர் முடிவதற்குச் சில திங்கள் முன்னர், 1945ஆம் ஆண்டில், முகாமிலேயே அவர் உயிர் நீத்தார். தனியளான அந்நங்கை கப்பலேறினார். சிறைக்குள் இருந்து தாம் துணியில் தைத்த அந்நாட்டுக்கே சென்று, செவிலியர் பணி பயின்று வாழ்ந்தார். சிறையில் மறைத்து எழுதிய அவருடைய நாட்குறிப்பு 1994ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அவர் தைத்த சதுரம், பெயரோடு, கான்பெராவிலுள்ள போர்வையில் இருக்கின்றது.