பாடத்தின் நடுவே நின்றுபோகும் பிள்ளை: மௌன வலிப்பை அறிந்துகொள்வோம்

 

ஜூன் மாதம் நம் பகுதியில் இரண்டு திறப்புகளுக்குரிய மாதம். வழக்கமாக 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும். பள்ளிக்கூடங்களும் அதே மாதத்தில் திறக்கும். அப்போது நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு வரும் பெற்றோர் ஒரு குறையை அடிக்கடி சொல்கிறார்கள்: “பிள்ளை நல்லாத்தான் படிச்சுது. இப்ப கவனமே இல்லை. கூப்பிட்டால் காதில் வாங்க மாட்டேங்குது.” இப்படிச் சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இல்லை. விளையாட்டுப் புத்தி, தூக்கக் குறைவு, செல்போன் என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு சில பிள்ளைகளுக்கு அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. மூளையில் சில நொடிகள் மட்டும் வந்துபோகும் ஒரு வகை வலிப்பு. அதை அறியாமல் நாம் அந்தப் பிள்ளையைத் திட்டுகிறோம், அடிக்கிறோம், வெயிலில் நிற்க வைக்கிறோம். அந்த அநியாயம் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

எப்படி இருக்கும்?

வலிப்பு என்றதும் கீழே விழுவது, கைகால் இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது ஆகியவையே நம் நினைவுக்கு வரும். இந்த வகையில் அவை எதுவும் இல்லை. டாக்டர்கள் இதை ‘ஆப்சென்ஸ் சீஷர்’ என்கிறார்கள். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவதால் இக்கட்டுரையில் ‘மௌன வலிப்பு’ என்று குறிப்பிடுகிறோம்.

மதரஸாவில் ஒரு பிள்ளை ஓதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயத்தின் நடுவே, ஒரு சொல் பாதியில் இருக்கும்போதே, குரல் நின்றுவிடுகிறது. கண் திறந்தபடி எங்கோ வெறிக்கிறது. இமைகள் லேசாகத் துடிக்கலாம். சில பிள்ளைகள் உதட்டைச் சப்புவதுபோல் அசைக்கும். சட்டை நுனியை விரலால் தடவிக்கொண்டே இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஐந்து முதல் பதினைந்து நொடிகளுக்குள், பெரும்பாலும் உஸ்தாத் எழுந்து வருவதற்குள், பிள்ளை விட்ட இடத்திலிருந்தே மீண்டும் ஓதத் தொடங்கிவிடும். இடையில் ஏதோ நடந்தது என்பது அதற்கே தெரியாது. களைப்பும் இருக்காது.

இது ஒரு நாளில் ஒருமுறையோடு நிற்பதில்லை. பத்து, இருபது முறை வரலாம். சில பிள்ளைகளுக்கு நூறு முறைகூட வருவதுண்டு. ஆசிரியர் சொன்ன வாக்கியத்தில் பாதி காதில் விழாது. கணக்கில் ஒரு வரி விடுபடும். சொல்வதெழுதுதலில் இரண்டு சொற்கள் காணாமல் போகும். அறிவு குறையாத பிள்ளையின் மதிப்பெண் குறைவது இப்படித்தான். பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையே இது தொடங்குகிறது. பெண் பிள்ளைகளிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

முறைப்பாசனத்தை அறிந்தவர்கள் நாம். இந்த மதகு இன்று, அந்த மதகு நாளை என்று முறை வைத்துத் திறந்தால்தான் எல்லா வயலுக்கும் தண்ணீர் எட்டும். மூளையின் நரம்பணுக்களும் அப்படித்தான். ஒவ்வொரு கூட்டமும் தன் முறைக்கு வேலை செய்கிறது. மௌன வலிப்பின்போது மூளையின் மேற்பரப்பும், நடுவே இருக்கும் ‘தலாமஸ்’ என்ற பகுதியும் ஒரே தாளத்தில் சிக்கிக்கொள்கின்றன. எல்லா மதகும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடினால் எந்த வயலுக்கும் உரிய தண்ணீர் போகாது அல்லவா? அதுபோல் அந்தச் சில நொடிகளுக்குப் பிள்ளையின் நினைவு செயல்படுவதில்லை.

இந்தத் தாளத்தைப் படமாக எடுத்துக் காட்டுவதுதான் ஈ.ஈ.ஜி. பரிசோதனை. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டார். மௌன வலிப்பின்போது நொடிக்கு மூன்று முறை கூர்முனையும் அலையுமாக எழும் கோடுகளை 1935-ல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் விவரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் தேடுவது அதே கோடுகளைத்தான்.

கவனக்குறைவா, வலிப்பா?

பெற்றோரும் உஸ்தாதுமார்களும் பள்ளி ஆசிரியர்களும் பின்வரும் வேறுபாடுகளைக் கவனித்தால் போதும்.

1. பகல் கனவு காணும் பிள்ளை சலிப்பான நேரத்தில் மெல்ல மெல்ல நினைவில் ஆழும். மௌன வலிப்போ பேசும்போதும், சாப்பிடும்போதும், விளையாடும்போதும் திடீரென்று வரும். சோறு எடுத்த கை வாய்க்குப் போகாமல் அப்படியே நிற்கும்.

2. கனவு காணும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். வலிப்பில் இருக்கும் பிள்ளை தொட்டாலும் திரும்பாது.

3. கனவு நிமிடக்கணக்கில் நீளலாம். மௌன வலிப்பு நொடிகளில் முடிந்துவிடும்.

4. வலிப்பு நேரத்தில் நாம் சொன்ன ஒரு சொல்லை, அது தெளிந்ததும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையால் திருப்பிச் சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை நொடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். பத்து நொடி வீடியோ, டாக்டருக்கு நாம் அரை மணி நேரம் வாயால் சொல்வதைவிடப் பயன்படும். அந்த வீடியோவை உறவினர் குழுக்களில் அனுப்பாதீர்கள். அது பிள்ளையின் மானம் சார்ந்த விஷயம்.

மருத்துவமனையில்

டாக்டர் பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்வார். சிறு பிள்ளை என்றால் காகிதக் காற்றாடியை ஊதச் சொல்வார். சிகிச்சை தொடங்காத பிள்ளைகளில் பலருக்கு அப்போதே அவர் கண்ணெதிரில் வலிப்பு வந்துவிடும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது தலையில் சிறு சிறு கம்பிகளை ஒட்டுவார்கள். அவை மூளையின் மின்னலையைப் பதிவு செய்கின்றன. மூளைக்குள் கரண்ட் எதையும் செலுத்துவதில்லை. வலி இல்லை. முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

நம் பகுதியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தஞ்சைக் கல்லூரி 1959 முதல் இயங்கிவருகிறது. தவிர, 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவர்கள் கவனிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. குழு வரும் நாளில் உங்கள் சந்தேகத்தை ஆசிரியர் மூலம் சொல்லிவிடுங்கள். செலவுக்கு அஞ்சி யாரும் பின்வாங்க வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள்

மௌன வலிப்புக்கு எத்தோசக்ஸிமைடு, சோடியம் வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் ஆகிய மருந்துகள் உண்டு. 2010-ல் அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் இவற்றை ஒப்பிட்டு நடத்திய ஆய்வு வெளியானது. நான்கு மாத அளவில் பார்த்தபோது முதல் இரண்டு மருந்துகளும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நல்ல பலன் தந்திருந்தன; மூன்றாவது ஏறக்குறைய 29 சதவீதத்தினரிடம்தான் பலன் தந்தது. எது உங்கள் பிள்ளைக்கு ஏற்றது என்பதை வயது, உடல் எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் எச்சரிக்கை: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் வலிப்பு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். மற்ற வகை வலிப்புகளுக்கு நன்கு வேலை செய்யும் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் மௌன வலிப்பை அதிகப்படுத்திவிடக்கூடும்.

இரண்டாவது: வலிப்பு நின்றுவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்த பிறகு, டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். திடீரென்று நிறுத்தினால் பெரிய வலிப்பு வரக்கூடும்.

மூன்றாவது: பெண் பிள்ளை வால்ப்ரோயேட் சாப்பிட்டு வந்தால், அவள் வயதுக்கு வரும் பருவத்தில் டாக்டரிடம் மீண்டும் பேசுங்கள். கர்ப்ப காலத்தில் அந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அதற்காக அதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நோன்பு மாதத்தில் ஆர்வத்தோடு நோன்பு வைக்க விரும்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. மாத்திரை நேரம் தவறுவதும், சஹருக்காகத் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர், நெருப்பு, சைக்கிள்

மௌன வலிப்பு தன்னளவில் பிள்ளையைக் கொல்வதில்லை. அந்தப் பத்து நொடிகளில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதில்தான் ஆபத்து. புது ஆற்றிலும் வெண்ணாற்றிலும் வடவாற்றிலும் தண்ணீர் வரும் காலத்தில் பிள்ளைகளைக் கரையில் பிடித்து நிறுத்த முடியாது. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை இந்தப் பிள்ளையை ஆற்றிலோ குளத்திலோ தனியாக இறக்கக் கூடாது. நீந்தத் தெரியும் என்பது இங்கே காப்பாற்றாது. கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்யும்போதும் ஒரு கண் இருக்கட்டும். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும் என்று பழக்குங்கள். அடுப்பருகே நிறுத்தாதீர்கள். ரோட்டில் சைக்கிள், மரம் ஏறுதல், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி ஆகியவை சிறிது காலம் வேண்டாம். இவை தவிர ஓடட்டும், விளையாடட்டும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே இருக்கட்டும்.

வலிப்பு வரும்போது முதலுதவி எதுவும் தேவையில்லை. அருகில் இருந்து பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது எதுவும் வேண்டாம். கைகால் இழுக்கும் பெரிய வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எந்த வலிப்பும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தடுத்து வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

மறைக்க வேண்டிய குறையா?

பிள்ளை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு காற்று, கருப்பு, ஜின் என்று அஞ்சித் தாயத்தோடு மாதக்கணக்கில் காலம் கடத்துவோர் நம்மில் உண்டு. ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம், விரும்பினால் குணமடைய துஆ என்று அவர்கள் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார்; வலிப்பின்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார். அவரைச் சுவர்க்கத்துக்குரிய பெண் என்றே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பிறருக்குச் சுட்டிக்காட்டினார்கள். அந்தச் சபையில் அவர் விரட்டப்படவில்லை, இழிவாகப் பேசப்படவில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்று கூறியவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு சீனாவும் தம் ‘அல்கானூன்’ நூலில் வலிப்பைத் தலை, மூளை நோய்களின் வரிசையில் வைத்தே எழுதினார். ஆகவே துஆவும் செய்யுங்கள். மருந்தையும் நேரத்துக்குக் கொடுங்கள்.

பெண் பிள்ளை என்றால், நாளை நிக்காஹ் பேசும்போது என்ன ஆகும் என்ற பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது; அதை 1999-ல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அடுக்கும் காரணங்களில் வலிப்பு இல்லவே இல்லை. சட்டம் வைக்காத தடையை நம் வாய்ப்பேச்சு வைக்க வேண்டாம். மேலும், சிறு வயதில் வரும் மௌன வலிப்பு, சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பலருக்குப் பதின்ம வயதில் முழுமையாக நின்றுவிடுகிறது.

உஸ்தாதுமார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை நின்றுபோனால், கம்பை எடுக்கும் முன் மனத்துக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள். பத்துக்குள் பிள்ளை தானாகத் தொடர்ந்தால், விடுபட்ட வரியை மறுபடி சொல்லிக்கொடுங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணும் அந்தப் பத்து நொடிகளில் ஒரு பிள்ளையின் படிப்பு காப்பாற்றப்படலாம்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகம் அருள்வானாக. ஆமீன்.